தளரும் தசைக்கு இரத்த அழுத்த மாத்திரையா?

நாற்காலியில் அமர்ந்து இக்கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியானால் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இரு கைகளையும் மார்பின்மேல் குறுக்காகக் கட்டிக்கொள்ளுங்கள். எதையும் பற்றாமல் ஐந்து முறை எழுந்து நின்று அமருங்கள். எத்தனை விநாடி ஆயிற்று? இளைஞராயின் பத்து விநாடிக்குள் முடித்திருப்பீர்கள். உங்கள் வீட்டில் எழுபது வயதைக் கடந்தவர் இருந்தால், அருகில் நின்று துணை செய்து, அவரையும் எழுந்து பார்க்கச் சொல்லுங்கள். 15 விநாடிக்கு மேல் ஆகுமானால் தசை வலு குன்றியிருக்கக்கூடும் என்று ஐரோப்பிய முதுமை மருத்துவ வல்லுநர் குழு ஒன்று 2019இல் வெளியிட்ட வரையறை கூறுகிறது.

எழுந்து நிற்பது அவ்வளவு பெரிய வேலையா என்று கேட்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் நாற்காலியிலிருந்து எழும்போது அவருடைய ஈர்ப்பு மையம் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் உயர்கிறது எனக் கொள்வோம். செய்யப்படும் வேலை 60 × 9.8 × 0.4, அதாவது சுமார் 235 ஜூல். இதை ஒரே விநாடியில் செய்தால் திறன் 235 வாட். நம் வீட்டுக் கூரையில் சுழலும் பழைய 75 வாட் மின்விசிறிகள் மூன்றை ஓட்டப் போதுமான திறன் இது! இரண்டு விநாடி எடுத்துக்கொண்டால் பாதித் திறன் போதும். முதியவர் மெல்ல எழுவதன் காரணம் இப்போது விளங்கும். அவருடைய தசைகளால் அவ்வளவு திறனைத்தான் தர முடிகிறது.

இதோடு நிற்கவில்லை. முழங்கால் ஒரு நெம்புகோல். சுழல்மையம் மூட்டில் இருக்கிறது. தொடைத் தசையின் இழுவிசை அந்த மையத்திலிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் தொலைவில் செயற்படுகிறது. உடலின் எடையோ இருக்கையை விட்டுக் கிளம்பும் அந்தக் கணத்தில் மையத்திலிருந்து இருபது சென்டிமீட்டர் அளவுக்குப் பின்னால் தொங்குகிறது. நெம்புகோல் விதிப்படி, தூக்கும் எடையைப்போல் நான்கு மடங்கு விசையை இரு தொடைத் தசைகளும் சேர்ந்து தரவேண்டும். முதியவர்கள் எழும்போது தலையையும் மார்பையும் முன்னால் நன்றாகக் குனித்துக்கொள்கிறார்களே, ஏன்? ஈர்ப்பு மையத்தை முழங்காலுக்கு அருகே கொண்டுவந்து, எடையின் நெம்புகரத்தைக் குறைக்கிறார்கள். இயற்பியல் படிக்காத பாட்டியும் திருப்புத்திறனை அறிந்தே வைத்திருக்கிறார்! நெம்புகோல் பாடத்தில் கிணற்று ஏற்றத்தைவிட இந்த எடுத்துக்காட்டுத்தான் என் மாணவர்களுக்கு எளிதில் பிடிபடுகிறது.

தசை வறுமை

முதுமையில் தசை குறைவது புதிய செய்தி அன்று. ஆனால் அதற்கென ஒரு பெயர் ஏற்பட்டது அண்மையில்தான். அமெரிக்க ஊட்டவியல் அறிஞர் இர்வின் ரோசன்பர்க் 1980களின் இறுதியில் 'சார்க்கோபீனியா' என்ற சொல்லை உருவாக்கினார். கிரேக்க மொழியில் 'சார்க்ஸ்' என்றால் சதை. 'பீனியா' என்றால் வறுமை. தசை வறுமை என்று நாம் சொல்லலாம். பெயரில்லாத ஒன்றை ஆராயப் பணமும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது என்பதே அவர் பெயர் சூட்டியதன் நோக்கம். அது பலித்தது. 2016இல் அமெரிக்க நோய்ப் பட்டியலில் இதற்குத் தனிக் குறியீட்டெண்ணே தரப்பட்டது.

தசையின் அளவு குறைவது ஒன்று. வலு குறைவது மற்றொன்று. இரண்டும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. அமெரிக்காவில் எழுபதுகளில் இருந்த ஆடவர், பெண்டிர் பலரை மூன்றாண்டுகள் தொடர்ந்து அளந்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், தசையின் அளவு குறைந்த வேகத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் வலு குறைந்தது தெரியவந்தது. ஆகவே எஞ்சியிருக்கும் தசையின் தரமும் கெடுகிறது. தசையிழைகளுக்கு இடையே கொழுப்பும் நார்த்திசுவும் புகுந்துகொள்கின்றன. தசையை இயக்கும் நரம்பணுக்களும் குறைகின்றன.

இதனால் என்ன ஆகிவிடும் என்று அலட்சியமாக இருக்க முடியாது. இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரின் கைப்பிடி வலுவை அளந்து, சுமார் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியாயிற்று. பிடிவலு ஒவ்வொரு 5 கிலோகிராம் குறையும்போதும் இறப்பு வாய்ப்பு 16 விழுக்காடு கூடியிருந்தது. கைப்பிடி தளர்வதே சாவுக்குக் காரணம் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. உடலின் பொதுநிலையைக் காட்டும் ஒரு மானியாகத் தசை விளங்குகிறது என்பதே பொருள்.

தசைக்குத் தன்னைத்தானே செப்பனிட்டுக்கொள்ளும் ஆற்றலும் உண்டு. 1961இல் அலெக்சாண்டர் மௌரோ என்பவர் தவளைத் தசையை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, தசையிழையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு உயிரணுக்களைக் கண்டார். கோளைச் சுற்றும் துணைக்கோள் போலிருந்ததால் அவற்றுக்குத் 'துணைக்கோள் உயிரணுக்கள்' என்றே பெயரிட்டார். ஸ்புட்னிக் பறந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. தசை காயப்பட்டால் இவை விழித்தெழுந்து பெருகிப் புதிய இழையை உண்டாக்குகின்றன. முதுமையில் இந்த வேலை மந்தமாகிறது. புதிய இழைக்குப் பதில் வடு உண்டாகிறது.

பாம்பின் நஞ்சு தந்த மருந்து

இனி இரத்த அழுத்த மாத்திரை எங்கே வந்து சேர்கிறது என்று பார்ப்போம். இதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

1898இல் ஸ்வீடனில் டிகர்ஸ்டெட், பெர்க்மன் என்ற இருவர் முயலின் சிறுநீரகத்தை அரைத்து வடித்த சாற்றை மற்றொரு முயலின் குருதியில் செலுத்தினர். இரத்த அழுத்தம் உயர்ந்தது. சாற்றில் இருந்த பொருளுக்கு 'ரெனின்' என்று பெயரிட்டனர். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, ரெனின் தானே அழுத்தத்தை உயர்த்துவதில்லை, கல்லீரல் உண்டாக்கும் ஒரு புரதத்தை வெட்டி வேறொரு பொருளை உண்டாக்குகிறது என்று அர்ஜென்டினாவிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். ஒரு குழு அப்பொருளை 'ஹைபர்டென்சின்' என்றது. மறு குழு 'ஆஞ்சியோடோனின்' என்றது. பல ஆண்டுகள் இரண்டு பெயர்களும் வழங்கின. இறுதியில் 1958இல் இரு குழுவின் தலைவர்களும் சமரசமாகி, அதன் தலையையும் இதன் வாலையும் மாற்றி ஒட்டி 'ஆஞ்சியோடென்சின்' என்று பெயரிட்டார்கள். அறிவியலில் எல்லாச் சண்டையும் இவ்வளவு நயமாக முடிவதில்லை.

ரெனின் முதலில் வெட்டித் தருவது பத்து அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. அது வலுவற்றது. மற்றொரு நொதி அதன் முனையிலிருந்து இரண்டு அமினோ அமிலங்களைத் துண்டித்து எட்டாக்கும்போதுதான் குருதிக் குழாய்களை இறுக்கும் ஆஞ்சியோடென்சின்-2 பிறக்கிறது. இந்த மாற்றும் நொதியைத் தடுத்துவிட்டால் அழுத்தம் குறையுமல்லவா? தடுப்பதற்கான பொருள் பிரேசில் நாட்டு ஜராராக்கா என்னும் விரியன் பாம்பின் நஞ்சில் கிடைத்தது. செர்ஜியோ ஃபெரெய்ரா என்ற பிரேசில் அறிஞர் 1960களில் அதைப் பிரித்தெடுத்தார். நஞ்சின் அமைப்பை முன்மாதிரியாக வைத்து அமெரிக்காவின் ஸ்குவிப் நிறுவனத்தில் குஷ்மனும் ஒன்டெட்டியும் 'காப்டோப்ரில்' மருந்தை வடிவமைத்தார்கள். 1981இல் அது அமெரிக்காவில் விற்பனைக்கு ஒப்புதல் பெற்றது. எனலாப்ரில், பெரிண்டோப்ரில், ராமிப்ரில் எல்லாம் இதன் தம்பிகள். இவற்றை நொதித் தடுப்பு மருந்துகள் என்போம்.

மற்றொரு வழியும் இருந்தது. ஆஞ்சியோடென்சின்-2 உண்டாவதை விட்டுவிட்டு, அது சென்று பொருந்தும் உயிரணு ஏற்பியை அடைத்துவிடலாம். பூட்டின் துளையில் மெழுகை அடைப்பது போல. இவ்வகையில் முதலில் வந்தது 'லோசார்ட்டன்'. 1995இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மாத்திரை இன்று நம் ஊர் மருந்துக் கடைகளிலும் சாதாரணமாகக் கிடைக்கிறது. உங்கள் வீட்டு மாத்திரைப் பெட்டியிலேயே இருக்கலாம்.

பால்டிமோர் நகரத்து மூதாட்டிகள்

ஆஞ்சியோடென்சின்-2 குருதிக் குழாயோடு மட்டும் நிற்பதில்லை. எலிகளுக்கு அதைத் தொடர்ந்து செலுத்தினால் அவை மெலிந்து தசை இழக்கின்றன. மேலும் அது 'டி.ஜி.எஃப்-பீட்டா' என்னும் சைகைப் புரதத்தின் வேலையைத் தூண்டுகிறது. காயம்பட்ட இடத்தில் வடு உண்டாக்கும்படி கட்டளையிடுவது இப்புரதமே. அப்படியானால் ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் மாத்திரை தசையையும் காக்குமோ?

இந்த ஐயத்துக்கு ஊக்கம் தந்தது 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வு. அமெரிக்காவின் பால்டிமோர் பகுதியில், உயர் இரத்த அழுத்தம் இருந்த, ஆனால் இதயச் செயலிழப்பு இல்லாத 641 மூதாட்டிகளை மூன்றாண்டுகள் கவனித்தார்கள். முழங்காலை நீட்டும் தசையின் வலுவை அளந்தார்கள். நொதித் தடுப்பு மருந்தை இடைவிடாமல் உண்டவர்களின் வலு மூன்றாண்டில் சராசரியாக 1 கிலோகிராம் மட்டுமே குறைந்தது. வேறு அழுத்த மருந்துகளை உண்டவர்களுக்கு 3.7 கிலோகிராம் குறைந்தது. மருந்தே உண்ணாதவர்களுக்கு 3.9.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் இதையே வேறு பக்கத்திலிருந்து அணுகினார்கள். தசைச் சிதைவு நோயுள்ள சுண்டெலிகளுக்கு லோசார்ட்டன் கொடுத்தபோது தசை நன்கு செப்பமாவதை 2007இல் காட்டினார்கள். பிறகு நோயில்லாத கிழட்டுச் சுண்டெலிகளை எடுத்துக்கொண்டார்கள். 2011இல் வெளியான முடிவு வியப்பானது. லோசார்ட்டன் உண்ட கிழட்டெலியின் காயம்பட்ட தசை, வடு குறைவாகச் செப்பமாயிற்று. பின்னங்காலை அசைக்க முடியாமல் மூன்று வாரம் கட்டிவைத்தபோது, மருந்து உண்ணாத எலியின் கால் தசை மெலிந்தது. உண்ட எலியின் தசையோ பெரும்பாலும் காக்கப்பட்டது. கால் முறிந்து மாவுக்கட்டோடு படுத்த பெரியவர், கட்டைப் பிரித்தபின் சூம்பிய காலோடு நடக்க முடியாமல் தவிப்பதை நினைத்துப் பாருங்கள். இந்தச் செய்தி ஏன் பரபரப்பூட்டியது என்பது புரியும். ஏற்கெனவே கோடிக்கணக்கானோர் உண்டுவரும் மலிவான மாத்திரை!

குடவோலை எடுத்துப் பார்த்தால்

இங்கேதான் நாம் நிதானிக்கவேண்டும். தனி ஊசலின் அலைவுநேரத்தை ஆராயும் மாணவன் நீளத்தை மட்டுமே மாற்றுகிறான். குண்டை மாற்றுவதில்லை, இடத்தை மாற்றுவதில்லை. ஒரே சமயத்தில் இரண்டை மாற்றினால் எதனால் எது விளைந்தது என்று சொல்ல முடியாது. பால்டிமோர் ஆய்வில் யார் எந்த மருந்தை உண்பது என்று முடிவு செய்தவர் ஆய்வாளர் அல்லர், மருத்துவர். மூன்றாண்டும் ஒரு மருந்தை விடாமல் உண்டவர், ஒழுங்காக உண்பவராகவும் நடப்பவராகவும் இருந்திருக்கலாம். சிறுநீரகம் கெட்டவருக்கு மருத்துவர் இம்மருந்தைத் தவிர்த்திருக்கலாம். வலு மாத்திரையால் வந்ததா, மாத்திரையை உண்ணும் ஆளால் வந்ததா?

இதைப் பிரித்தறிய ஒரே வழி சீட்டுக் குலுக்கல். உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலை முறையை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். குடத்துக்கு விருப்பு வெறுப்பு இல்லை. அதுபோலவே நோயாளிகளைக் குலுக்கலில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும், மறு பிரிவுக்கு அதே நிறத்தில், அதே வடிவில் வெற்று மாத்திரையும் தருவார்கள். யாருக்கு எது என்பது உண்பவருக்கும் தெரியாது, அளப்பவருக்கும் தெரியாது.

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் இவ்வாறு ஒரு சோதனை நடந்தது. நடமாடச் சிரமப்பட்ட, இதயச் செயலிழப்பு இல்லாத முதியவர்கள் 130 பேர். சராசரி வயது 79. பெரிண்டோப்ரில் அல்லது வெற்று மாத்திரை, 20 வாரம். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பதே அளவை. 2007இல் முடிவு வந்தது. மருந்து உண்டவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 31 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள். ஆறு மாத உடற்பயிற்சியால் கிடைக்கும் பலனுக்கு இது ஈடானது என்று ஆய்வாளர்களே குறிப்பிட்டார்கள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இக்கட்டுரையின் தலைப்பில் வினாக்குறி இருந்திராது. அடுத்தடுத்து வந்த சோதனைகள் கைவிரித்துவிட்டன. ஃபோசினோப்ரில் என்ற மருந்தைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த சோதனையில் பிடிவலுவிலும் நடையிலும் மாற்றமில்லை என்று 2010இல் தெரிந்தது. அதே டண்டீ குழு, உடற்பயிற்சி செய்யும் முதியவர்களுக்குப் பெரிண்டோப்ரிலும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. பயிற்சி தந்த பலனுக்கு மேல் மருந்து எதையும் கூட்டவில்லை என்று 2014இல் எழுதியது. தான் முன்பு கண்ட இனிய முடிவுக்கு எதிரானதையும் அதே குழு மறைக்காமல் வெளியிட்டதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

லோசார்ட்டனின் முறையும் வந்தது. அமெரிக்காவில் மெல்ல நடப்பவர்களும், உடலில் மெல்லிய அழற்சி உடையவர்களுமான முதியவர்கள் 289 பேருக்கு லோசார்ட்டனோ மீன் எண்ணெயோ ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். அழற்சியும் குறையவில்லை, 400 மீட்டர் நடையின் வேகமும் கூடவில்லை என 2019இல் அறிவித்தார்கள்.

கடைசியாகப் பிரிட்டனில் ஒரு பெரிய முயற்சி. தசை வறுமை உறுதிசெய்யப்பட்டவர்களையே தேர்ந்து, பெரிண்டோப்ரிலை ஓராண்டு கொடுப்பது. நிற்றல், நடத்தல், நாற்காலியிலிருந்து எழுதல் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 12 மதிப்பெண் இட்டு அளப்பது. கட்டுரையின் தொடக்கத்தில் நீங்கள் செய்தது இச்சோதனையின் ஒரு பகுதிதான். 440 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டார்கள். கிடைத்தவர் 145 பேரே. எண்பதை நெருங்கிய, பல நோய்களுள்ள முதியவரை மருத்துவமனைக்கு மாதக்கணக்கில் வரவழைப்பது எளிதன்று. 2022இல் வெளியான முடிவு: இரு பிரிவுக்கும் இடையே வேறுபாடு ஏறத்தாழ 0.1 மதிப்பெண், அதுவும் மருந்துக்குப் பாதகமான பக்கத்தில். மருந்து உண்டவர்களுக்கு உடல் உபாதைகள் கூடுதலாயின. வாழ்வின் நிறைவு பற்றிய மதிப்பீடும் அவர்களிடம் சற்றுத் தாழ்ந்திருந்தது.

எலிக்குப் பலித்தது மனிதனுக்கு ஏன் பலிக்கவில்லை? எலியின் கால் திடீரென்று மூன்று வாரம் கட்டப்பட்டது. மனிதனின் தசையோ முப்பது நாற்பது ஆண்டுகளாக மெல்ல மெல்லத் தேய்கிறது. ஆய்வுக்கூட எலிக்கு நீரிழிவு இல்லை, மூட்டுவலி இல்லை, உடன் உண்ணும் ஏழெட்டு மாத்திரைகள் இல்லை. தவிரவும், காயம் ஆறுவதும் நாள்பட்ட தேய்வும் ஒரே நிகழ்ச்சியல்ல. அறுவைக்குப் பின் படுக்கையில் கிடக்கும் சில வாரங்களில் மட்டும் இம்மருந்து உதவுமா என்ற கேள்விக்கு மேற்கண்ட சோதனைகள் விடையளிக்கவில்லை. அவை அதைக் கேட்கவே இல்லை. என்னைக் கேட்டால், எலிச் சோதனையை ஒட்டிய நேர்மையான அடுத்த கேள்வி அதுதான் என்பேன்.

பாஸ்டனில் தூக்கிய எடை

மருந்து கைவிட்ட இடத்தில் கைகொடுத்தது எது என்பதையும் சொல்லவேண்டும். 1990இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதியோர் இல்லமொன்றில் 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு மரியா ஃபியட்டரோன் என்ற மருத்துவர் எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி அளித்தார். விளையாட்டுப் பயிற்சி அன்று. அவரவரால் ஒரு முறை தூக்க முடிந்த உச்ச எடையில் 80 விழுக்காடு வரை காலால் தூக்கவேண்டும். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடிற்று. தொடைத் தசையின் பரப்போ 9 விழுக்காடுதான் பெருத்தது. தசையின் அளவும் வலுவும் ஒன்றல்ல என்று முன்பு கண்டோமே, அது இங்கே தலைகீழாக நின்று நன்மை செய்கிறது. நரம்புகள் இருக்கும் தசையை நன்றாக வேலை வாங்கக் கற்றுக்கொண்டன. இருவர் ஊன்றுகோல் இன்றி நடந்தனர். 1994இல் நூறு பேரைக் கொண்டு இதையே குலுக்கல் முறையில் செய்து பார்த்தபோதும் பயிற்சி வென்றது. பயிற்சியில்லாமல் சத்துபானம் மட்டும் உண்டவர்களுக்கு வலு கூடவில்லை. விளம்பரங்களில் காணும் சத்துமாவு டப்பாக்களை வாங்குமுன் இதை எண்ணிப் பாருங்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் தம் இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடக்கூடாது. லோசார்ட்டனும் பெரிண்டோப்ரிலும் அழுத்தத்தைக் குறைப்பதிலும், இதயத்தையும் சிறுநீரகத்தையும் காப்பதிலும் நன்கு நிறுவப்பட்ட மருந்துகள். அவற்றைத் தசைக்காகத் தொடங்க இன்று சான்றில்லை என்பதே செய்தி. ஒன்று நல்லதென்றால் இரண்டும் சேர்ந்து மிக நல்லது என்று நொதித் தடுப்பு மருந்தையும் ஏற்பித் தடுப்பு மருந்தையும் ஒன்றாக உண்பதும் ஆகாது. 25,000 பேருக்கு மேல் பங்கேற்று 2008இல் முடிவு வெளியான சோதனையில் அந்தக் கூட்டணி கூடுதல் பலன் தரவில்லை. தாழ் அழுத்தத்தையும் சிறுநீரகக் கேட்டையும்தான் கூட்டியது. இம்மருந்துகளை உண்ணும் பெரியவர் சிலருக்குப் படுக்கையிலிருந்து எழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வரும். அவர்கள் முதலில் கால்களைத் தொங்கவிட்டுச் சற்றுநேரம் உட்கார்ந்து, பிறகு எதையாவது பற்றிக்கொண்டு எழவேண்டும். மயக்கம் தொடர்ந்தால் மாத்திரையின் அளவை மருத்துவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். நாற்காலிப் பயிற்சியைத் தொடங்க எண்ணுபவர்களும் அன்றைக்கே அவரிடம் கேட்டுவிடலாம்.